பதினேழு

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை
தண்ணீர்மலைப் பக்கம்
டயர்க் கடைக்கு மேல்மாடியில் கூடுகிறது
எங்கள் விலங்கறிவு ஆய்வுக் கழகம்.
உறுப்பினர் பதினொருவர்.
ஆண்டுச் சந்தா முப்பது வெள்ளி.
இருதயராஜ் மட்டும் இன்னும் கட்டவில்லை.
அவர்தான் பொருளாளர்.

கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.
மற்ற நாள்களில் எனக்கு
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
நுண்நோக்கியின் கீழே சில்லுகள் வரும்:
நல்லது இடத் தட்டு,
கெட்டது வலத் தட்டு.
மூன்றாவது தட்டு கிடையாது.

கண்ணாடிச் சோதனைக்கு
அனுமதிக் கடிதம் வர ஏழு மாதம்.
கடலைப் பெட்டியில் தலை நுழைக்கும் ஓட்டை;
ஓட்டையின் மேல்விளிம்பில் மணமில்லாத நீலச் சாயம்;
எதிரே, மரத்தில் கட்டிய ஆளுயரக் கண்ணாடி.
பிம்பத்தைப் பார்த்துவிட்டுத்
தன் நெற்றியைத் தொட்டுத் துடைத்தால்
உள்ளே 'நான்' என்று ஒன்று உண்டு.
தொடாவிட்டால்
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

பெயர் வைக்கக் கூடாதென்பது விதி.
நீள்வால் மந்தி, எண் பதினேழு.
இடக்காதில் ஒரு கிழிசல்.
எட்டு வாரமாக அழைத்து அழைத்து
எண்ணே பெயர் போலாகிவிட்டது:
"பதினேழு வந்துட்டாளா?"

முதல் நாள் கண்ணாடியைப் பார்த்துப் பல்லிளித்தாள்.
மறுநாள் அதன் முதுகுப்பக்கம் போய்
வெறும் பலகையை முகர்ந்துவிட்டு வந்தாள்.
மூன்றாம் நாள்
நெற்றியில் நீலத்தோடு அதன்முன் உட்கார்ந்திருந்தாள்.
அவளுக்குப் பின்னால், பத்தடி தள்ளி,
ஷிப்ட் முடித்த பசியில் நான்
சத்தமில்லாமல் பையைத் திறந்து
ஒரு கறிபாப்பை எடுத்தேன்.

கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள்.
கண்ணாடிக்குள் இருந்த என்னிடம் போகவில்லை.
திரும்பினாள்.
நேராக என்னிடம் நடந்து வந்து
கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு
சாவகாசமாகப் போனாள்,
நீலம் அப்படியே.

"தொட்டதா?" என்றார் பேராசிரியர் ஊய்.
தொடவில்லை.
"அப்படியானால் தேர்ச்சி இல்லை."
ரொஸ்லினா விடவில்லை. மூன்று மொழியில் வாதம்.
கீழே டயருக்குக் காற்று நிரப்பும் இரைச்சலில்
பாதி கேட்கவில்லை.
கண்ணாடியால் பிறரைக் காண்பது வேறு,
கண்ணாடியில் தன்னைக் காண்பது வேறு என்றார் ஊய்.
அவர் சொன்னது சரிதான்.
இருபத்தாறு ஆண்டு மீன்களின் நினைவாற்றலோடு வாழ்ந்தவர்,
ஆசைப்பட்டதைக் கண்டதாக எழுதமாட்டார்.

நான் பேனாவை மூடாமல்
வியாழன் இரவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி, தொழிற்சாலைக் கழிவறை.
கை கழுவிக்கொண்டே நிமிர்ந்தேன்.
கண்ணாடியில் முதலில் தேடியது கதவை:
சூப்பர்வைசர் நிற்கிறாளா,
மணி பார்க்கிறாளா.
இல்லை.
மெதுவாக முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு
மறுபடி கதவைப் பார்த்துவிட்டு
வெளியே வந்தேன்.
காலையில் குளுகோர் வீட்டில்
தம்பி கதவைத் திறந்ததும் சிரித்தான்:
"நெற்றியில என்னக்கா, மை?"
சில்லுக்குக் குறியிடும் அழியாத மை,
புருவத்துக்கு மேலே கட்டைவிரல் அகலம்,
இரவு முழுக்க இருந்திருக்கிறது.

கழகத்தின் குறிப்பேட்டில்
பதினேழுக்கு நேரே எழுதினேன்:
தொடவில்லை. தேர்ச்சி இல்லை.
அடுத்த வரி,
எண் பதினெட்டு, காலியாக இருந்தது.
என் இனிஷியலைப் போட்டு
அதற்கு நேரேயும்
அதையே எழுதினேன்.

அடுத்த மாதம் குறிப்பு வாசிக்கப்படும்.
இருதயராஜ் வழிமொழிவார்,
வழக்கம்போல்,
கேட்காமலே.